வேதமுத்துவின் தண்டுக்கீரை

ஆவடியில், பீரங்கி வண்டி செய்கிற தொழிற்சாலையில், வேதமுத்துவுக்கு அளந்து பார்க்கிற வேலை. மற்றவர்கள் கடைந்தும் இழைத்தும் கொண்டுவந்து வைக்கிற இரும்புத் துண்டுகளை அவர் கருவியில் பிடித்துப் பார்ப்பார். ஒரு மயிரிழை பிசகியிருந்தாலும் உதட்டைப் பிதுக்கி ஓரமாக ஒதுக்குவார். வருஷக்கணக்காக இப்படி ஒதுக்கி ஒதுக்கி, உலகத்தில் எதுவுமே தன் அளவுக்கு வராது என்கிற முடிவுக்கு வந்துவிட்டிருந்தார். வீட்டில் தோசை வட்டமாக இல்லாவிட்டால்கூட முகம் சுளிப்பார். தன் கையால் இதுவரை ஓர் ஆணியைக்கூட நேராக அடித்தவர் இல்லை என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

சொந்த ஊர் நாசரேத் பக்கம். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடும்பம். மனைவி ஞானகுமாரியின் தகப்பனாரும் அந்தப் பக்கத்துக்காரர்தான் என்றாலும், அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் மெட்ராஸ் ஓரத்துப் பாடியில், லாரிச் சத்தத்துக்கு நடுவில். அதனால் அவர் திருநெல்வேலித் தமிழில் அதட்டுவார், அவள் மெட்ராஸ் தமிழில் பதில் சொல்வாள். ஒரே மகள் அருள்செல்வி ஏழாம் வகுப்பு படித்தாள். அவள் இரண்டு பேருக்கும் நடுவில் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டவள்.

வேதமுத்து போகிற சபையில் வருஷத்துக்கு ஒருமுறை அறுப்புப் பண்டிகை நடக்கும். அவரவர் தோட்டத்தில் விளைந்ததில் முதற்பலனைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். பணம் சபைக்கு, பெருமை கொண்டுவந்தவருக்கு. யார் கொண்டுவந்த பொருளுக்கு எத்தனை பேர் முட்டி மோதினார்கள் என்பதை வைத்துத்தான் அடுத்த பண்டிகை வரைக்கும் அந்தக் குடும்பத்தின் மரியாதை நிற்கும். ஆண்டவர் இதையெல்லாம் கவனித்தாரோ என்னவோ, சபையார் கவனித்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தாம் வருஷப் பண்டிகைக்கு வேதமுத்து ஒரு பறங்கிக்காய் கொண்டுபோனார். நல்ல காய்தான். பூந்தமல்லி மார்க்கெட்டில் பொறுக்கி எடுத்தது. ஏலம் விட்டவர் சபைச் செயலாளர் ராஜசேகரன். சேக்காட்டில் சொந்த மனை, மனை நிறையப் பூசணிக்கொடி என்று இருக்கிற மனிதர். அவர் காயைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். அடியில் வியாபாரி சுண்ணாம்பால் எழுதிய விலை அழியாமல் இருந்தது. ராஜசேகரன் அதைப் படிக்கவில்லை. ஒரு சிரிப்புச் சிரித்து, கைக்குட்டையை எடுத்து, எல்லாரும் பார்க்கத் துடைத்துவிட்டு ஏலத்தைத் தொடர்ந்தார். வாய்விட்டுப் படித்துக் காட்டியிருந்தால்கூட வேதமுத்து ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அந்தத் துடைப்பை அவரால் ஜீரணிக்கவே முடியவில்லை. அடுத்த பண்டிகைக்குத் தன் மண்ணில், தன் கையால், சபையே வாயைப் பிளக்கிற மாதிரி ஒன்றை விளைவித்துக் கொண்டுபோய் ராஜசேகரன் மூக்கை உடைப்பது என்று அன்றைக்கே முடிவு கட்டினார்.

முடிவு கட்டுவது சுலபம். குவார்ட்டர்ஸ் மண்ணில் எதுவும் முளைப்பதுதான் கஷ்டம். கட்டடம் கட்டியபோது கொட்டிய செங்கல் தூளும் சிமெண்டுக் கட்டியும் போக மிச்சமிருந்ததுதான் மண். வேதமுத்து ஊன்றிய பூசணி விதையை எறும்பு தின்றது. வாழைக்கன்று நட்ட நாளிலிருந்து ஒரு இலைகூட விடாமல் அப்படியே நின்று, பிறகு படுத்துக்கொண்டது. அவர் ஒவ்வொன்றையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்த வருஷம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், பிரேயரில் நின்றுகொண்டிருந்த அருள்செல்வி மயங்கி விழுந்தாள். தொழிற்சாலை ஆஸ்பத்திரி டாக்டர் அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. உடம்பில் ரத்தமே இல்லையென்று சொல்லி, ஒரு பாட்டில் இரும்புச்சத்து டானிக்கும், தினமும் ஒரு வேளை கீரையும் கொடுக்கச் சொன்னார்.

ஞானகுமாரி வேறெதையும் யோசிக்கவில்லை. சமையலறைத் தண்ணீர் வந்து விழுகிற இடத்தில் கொஞ்சம் மண்ணைக் கொத்திவிட்டு, தண்டுக்கீரை விதையை மணலோடு கலந்து தூவினாள். சோறு வடித்த தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. செங்கல் தூளையும் மீறிக்கொண்டு கீரை பொசுபொசுவென்று முளைத்தது. பிடுங்கிச் சமைக்கிற பதத்துக்கு வந்த அன்று காலையில் அவள் முறத்தோடு பின்பக்கம் போனாள். வேதமுத்து அங்கே குந்தி உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, தொட்டுராத. இதைப் பாரு, நடுவுல நிக்கிதே, இது எப்படித் திமிறிக்கிட்டு நிக்கி பாத்தியா? மத்ததெல்லாம் இதுக்கு முன்னால கால்தூசி."

"அது கீரைங்க. அருளுக்கு ஆக்கித் தரத்துக்குப் போட்டேன்."

"அருளுக்கு நாளைக்கு ஆக்கிக்கலாம். இது ஆண்டவருக்கு. நம்ம மண்ணுல முதல்முதல்ல விளைஞ்சது. முதற்பலன்ல கையை வைக்கலாமா?"

ஆண்டவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டால் அந்த வீட்டில் பேச்சு முடிந்தது. ஞானகுமாரி சரி, அந்த ஒன்று போகட்டும், மீதியைப் பிடுங்கிக்கொள்கிறேன் என்றாள். மறுநாள் வந்து பார்த்தபோது மீதியே இல்லை. நடுச்செடிக்குப் போகிற சத்தை மற்றவை பங்கு போட்டுக்கொள்கின்றன என்று வேதமுத்து எல்லாவற்றையும் பிடுங்கி, நறுக்கி, நடுச்செடியின் காலடியிலேயே புதைத்து வைத்திருந்தார். தழை உரமாம். ஞானகுமாரி முறத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

அன்றிலிருந்து அந்தச் செடிக்கு நடந்த உபசாரம் எந்த மாப்பிள்ளைக்கும் நடந்திருக்காது. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துப் புளிக்கவைத்து ஊற்றினார். நாற்றம் தாங்காமல் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். மீன் கழுவிய தண்ணீர், ஆட்டெலும்பு, முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல், புளித்த மோர் எல்லாம் போனது. மோர் புளிக்க நேரமானால், புளிக்காத மோரே போனது. வெயிலில் குழாய்த் தண்ணீர் நூலாக வந்த நாட்களில் மற்றவர்கள் அரைக் குளியல் குளித்தார்கள். செடி முழுக் குளியல் குளித்தது.

சாணிக்குக் கன்னியப்பனைப் பிடித்தார். பருத்திப்பட்டுப் பக்கம் மாடு வைத்திருந்தவன். அவன் கொண்டுவந்த மூட்டையைக் கிளறிப் பார்த்து வேதமுத்து, "என்னடே, பாதி மண்ணால்லா இருக்கு?" என்றார்.

"இன்னா சாரே இப்டி சொல்லிட்டே! மாடு தரையிலதான் போடுது, தட்டுலயா போடும்? மண்ணு ஒட்டிக்கினுதான் வரும். ஆனா சொல்றேன், இது நாட்டு மாட்டுச் சாணி. இத போட்டா கீரை இன்னா, கல்லே காய்க்கும்."

மற்ற எதிலும் மயிரிழை பார்க்கிற வேதமுத்து இதைக் கேட்டு மகிழ்ந்து மூட்டையை வாங்கிக்கொண்டார். அடுத்த மூட்டையில் முக்கால் பங்கு மண் இருந்தது. கூடவே ஒரு பொட்டலம் யூரியாவும் கொண்டுவந்து கொடுத்துக் கன்னியப்பன் தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொண்டான்.

செடி வளரத்தான் செய்தது. வேதமுத்து ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு நூலைத் தண்டில் சுற்றி, முடிச்சுப் போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்த் தொழிற்சாலையில் கருவியில் வைத்து அளப்பார். பூ முனை தலைகாட்டினால் நகத்தால் கிள்ளிவிடுவார். கீரை அவர் இடுப்பைத் தாண்டியது, மார்பைத் தாண்டியது. தண்டு கைத்தடி அளவு ஆனது. பூச்சி வந்து இலையில் ஓட்டை போட்டபோது அவர் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மகள் மயங்கி விழுந்த அன்றைக்குப் போயிருந்தார்.

அருள்செல்விக்குக் கீரை வாசலுக்கு விலைக்கு வந்தது. பாரிவாக்கத்திலிருந்து கூடையைச் சுமந்துகொண்டு காலையில் வருகிற பத்மாவிடம் ஞானகுமாரி தினமும் ஒரு கட்டு வாங்கினாள். கட்டு எட்டணா. ஒருநாள் பத்மா கூடையை இறக்கும்போது பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் கண் போய்விட்டது.

"இன்னாம்மா இது! ஊட்டாண்ட இம்மாம் பெரிய கீரைய வளத்து வெச்சிக்கினு என்னாண்ட கட்டு வாங்கினு கீறே?"

"அது சாமிக்கு."

"சாமி இன்னா, கீரையா கேட்டுச்சு? உங்க சாமிக்குக் கீரை ஆவுமா?"

ஞானகுமாரி காசைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள். பத்மா அந்தத் தெரு முழுக்க இதைச் சொல்லிக்கொண்டு போயிருப்பாள் என்பது அவளுக்குத் தெரியும்.

பண்டிகைக்குச் சில நாட்கள் இருக்கும்போது டானிக் பாட்டில் சீக்கிரம் காலியானது. டாக்டர் சொன்ன கணக்குக்கு இன்னும் பாதி இருக்க வேண்டும். மகள்தான் கசப்புக்குப் பயந்து கொட்டிவிடுகிறாளோ என்று ஞானகுமாரி அவளைத் திட்டித் தீர்த்தாள். அருள்செல்வி அழுதாள். மறுநாள் விடிந்ததும் பால் வாங்க எழுந்த ஞானகுமாரி, பின்பக்கம் வேதமுத்து செடியின் அடியில் குனிந்து நிற்பதைப் பார்த்தாள். ஒரு கையில் டானிக் பாட்டில், இன்னொரு கையில் அளந்து ஊற்றுகிற மூடி.

"இன்னாங்க பண்றீங்க?"

அவர் திடுக்கிட்டாலும் சமாளித்துக்கொண்டார். "முதல்ல பாட்டில் கழுவின தண்ணிதாம்ட்டி ஊத்துனேன். மறுநாளே தண்டுல ஒரு சிகப்பு ஏறிட்டு. இரும்புச்சத்துல்லா! மனுசனுக்கு ரத்தம் ஊறுனா செடிக்கும் ஊறும். இன்னும் கொஞ்ச நாள்தான். பண்டிகை முடிஞ்சதும் பிள்ளைக்கு வேற பாட்டில் வாங்கிக்கலாம்."

"அது குழந்த மருந்துங்க."

"நான் என்ன எனக்கா குடிச்சேன்? ஆண்டவருக்குல்லா."

ஞானகுமாரி பாட்டிலைப் பிடுங்கவில்லை, கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. உள்ளே போய், மகளை எழுப்பி, நேற்றுத் திட்டியதற்காகத் தலையைத் தடவிக்கொடுத்தாள். அன்றைக்கு அவள் மனதில் ஏதோ ஒன்று கெட்டியாகிவிட்டது. அவளை வருஷக்கணக்காக அளந்து பார்த்து வந்த மனிதருக்கு அது மட்டும் தெரியவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் செடியை வேரோடு தோண்டி எடுத்து, அடிமண்ணை உதிர்த்து, ஈரச்சாக்கில் சுற்றினார் வேதமுத்து. அது அவர் தலையையும் தாண்டி உயர்ந்திருந்தது. காலையில் சைக்கிளில் அதைக் கட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டே போனார். வழியில் பார்த்தவர்கள் சவுக்குக் கட்டை என்று நினைத்து விலகிக்கொண்டார்கள். பீடத்துக்கு முன்னால் மாதுளைகளுக்கும் தேங்காய்களுக்கும் ராஜசேகரனின் பூசணிக்கும் பின்னால் அது சுவரில் சாய்ந்து நின்றது. வேதமுத்து பிரசங்கத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையாகவே அவருக்குக் கண் கலங்கியது.

பந்தலில் ஏலம் ஆரம்பித்தது. தேங்காய்க் குலை போனது. உயிருள்ள சேவல் ஒன்று நல்ல விலைக்குப் போனது. பூசணிக்கு இரண்டு மச்சினன்மார் மோதிக்கொண்டார்கள், சபையே கைதட்டியது. பிறகு ராஜசேகரன் தண்டுக்கீரையை இரண்டு கையாலும் தூக்கிப் பந்தல் கூரையில் இடிக்காமல் நிமிர்த்தினார்.

"நம்ம வேதமுத்து அண்ணன் தோட்டத்துத் தண்டுக்கீரை. அண்ணன் கையாலேயே விளைஞ்சது, நானே சாட்சி சொல்றேன், இந்த வாட்டி எங்கயும் சுண்ணாம்பு இல்ல." சிரிப்பு எழுந்தது. அவர் விரலால் தண்டைச் சுண்டிப் பார்த்தார். டங் என்றது. "கேளுங்க, ஆரம்பிங்க."

யாரும் ஆரம்பிக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, "இத நறுக்க அருவாமனை பத்தாது, ரம்பம் வேணும்" என்றாள். ஆண்கள் பக்கத்தில் ஒருவர், பந்தக்காலுக்கு ஆகும் என்றார். கொழுத்த உரத்தைத் தின்றுகொண்டு, வெட்ட வேண்டிய காலம் தாண்டி நின்ற கீரை உள்ளே முழுக்க நாராகிக் கட்டையாகிவிட்டிருந்தது. அதை அங்கே இருந்த எல்லாப் பெண்களும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டார்கள். வேதமுத்து தொழிற்சாலை நண்பர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் அப்போதுதான் செருப்பு வார் சரிசெய்ய வேண்டியிருந்தது. கொண்டுவந்தவரே கேட்டு எடுப்பதைப்போல் கேவலம் அந்தப் பந்தலில் வேறில்லை. ஆனாலும் ஒரு விலை அவருக்கு வாய் வரைக்கும் வந்து நின்றது.

"எட்டணா."

பெண்கள் பக்கத்திலிருந்து. ராஜசேகரன் எட்டிப் பார்த்தார். ஞானகுமாரி எழுந்து நின்றிருந்தாள். பக்கத்தில் அருள்செல்வி.

"என்னம்மா, அண்ணி நீங்களா? எட்டணாவா? ஆண்டவருக்கு வந்த பொருள் அண்ணி, பாத்துக் கேளுங்க."

"பாத்துதான் கேக்கறேன்." அவள் குரல் உயரவில்லை, ஆனால் பந்தலின் கடைசி வரைக்கும் கேட்டது. "எங்க தெருவுல கீரை வெலை அதான். எம்பொண்ணு ஒடம்புல ரத்தம் இல்ல, தினம் கீரை குடுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் போட்ட கீரை இது. தொடக்கூடாதுன்னுட்டாங்க. அதான் தினம் எட்டணா குடுத்து வாசல்ல வாங்கிக்கினு கீறேன். அவ டானிக்கக்கூட இதுக்குத்தான் ஊத்துனாங்க. இன்னிக்காவது ஊட்டுக் கீரைய அவளுக்கு வாங்கித் தரலாமில்ல?"

போதகர் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். ராஜசேகரன் ஒரு வருஷமாகத் தயார் பண்ணி வைத்திருந்த கிண்டல் எதுவும் அந்த நேரத்துக்குப் பொருந்தவில்லை. அவர் மெதுவாக, ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று சொல்லிக் கீரையை மேஜைமேல் படுக்க வைத்தார்.

ஞானகுமாரி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை வைத்தாள். பிறகு தண்டின் நுனியைப் பிடித்து ஒடித்தாள். ஒரு கைப்பிடி இலைதான் இளசாக இருந்தது. அதை மகளின் கையில் கொடுத்தாள். "கட்டை சபைக்கே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

சபைக்கு அது உபயோகப்பட்டது. ஆலயத்தைக் கூட்டித் துடைத்து மணியடிக்கிற கோயில்பிள்ளை அதைக் காயவைத்து, நுனியில் துடைப்பத்தைக் கட்டி, ஆலயத்து ஒட்டடை அடிக்க வைத்துக்கொண்டான். வேதமுத்து ஓய்வு பெறுகிற வரைக்கும் அது, பாட்டு எண்களை மாட்டி வைக்கிற பாடல் பலகைக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. காணிக்கைகளில் அத்தனை காலம் கோயிலுக்குள் நின்றது அது ஒன்றுதான். அவர் உட்காருகிற இடத்தை மட்டும் ஒரு தூணுக்குப் பின்னால் மாற்றிக்கொண்டார்.

பண்டிகையன்று அவர் காலிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மறுநாள் மத்தியானம் அந்தக் கைப்பிடிக் கீரை பருப்போடு வெந்து தட்டுக்கு வந்தது. அருள்செல்வி ஒரு வாய் வைத்தாள். மென்றாள். அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, அம்மாவிடம், "டானிக் வாசனை வருதும்மா" என்று ஓரமாக ஒதுக்கினாள். உதட்டைப் பிதுக்கியது அப்படியே அப்பா மாதிரி இருந்தது. வேதமுத்து தன் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தார். நடுவில் அவருக்கு விக்கல் எடுத்தது. ஞானகுமாரி தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலை பத்மா வாசலில் குரல் கொடுத்தாள். ஞானகுமாரி அடுப்படியிலிருந்து வருவதற்குள் வேதமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பத்மா கூடையை இறக்கினாள். சந்து வழியாகப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே ஒரு குழிதான் இருந்தது.

"இன்னா சாரே, அம்மாம் ஒசரம் நின்னுகினு இருந்துச்சே, எங்க காணோம்?"

"கோயில் ஏலத்துல போயிட்டு."

"அடேங்கப்பா! எவ்ளோக்கு போச்சு?"

வேதமுத்து குனிந்தார். கூடையிலிருந்து ஒரு கட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு, உள்ளங்கையில் இருந்த எட்டணாவை அவளிடம் நீட்டினார்.